பிள்ளை யாரிடம், செலவு யார் தலையில், பாதுகாவலர் யார்? மலையகக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத் தோட்டத்தில் புருஷன் பெண்டாட்டி பிரிந்தால் முதல் பேச்சு தோட்டத் தலைவர் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நடக்கும். அங்கே முடியாவிட்டால் கோயிலில், அங்கேயும் முடியாவிட்டால் பொலிஸில். நீதிமன்றத்துக்கு வந்து சேரும்போது ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடியிருக்கும். அதற்குள் பிள்ளை இரண்டு பள்ளிக்கூடம் மாறியிருக்கும், இல்லை, போவதையே விட்டிருக்கும். இப்படி வருகிறவர்களுக்கு மனு எழுதவும் கடதாசி சேர்க்கவும் உதவுவதுதான் என் வேலை. என் மேசைக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வழக்குக்கென்று ஒரு சட்டத்தரணியிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் இவ்வளவும் தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும்.

"குடும்ப நீதிமன்றம்னு சொல்றாங்களே, அது ஹட்டன்ல எங்க இருக்கு?"

அந்தப் பெயர்ப்பலகையைத் தேடாதீர்கள். 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் குடும்ப நீதிமன்றம் என்று ஒன்றை உண்டாக்கியது. சில வருடங்களிலேயே அந்த அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இன்று விவாகரத்து, பிள்ளையின் பொறுப்பு, பாதுகாவலர் நியமனம், தத்தெடுப்பு எல்லாமே மாவட்ட நீதிமன்றத்தில்தான். மாதச் செலவு, அதாவது தாபரிப்பு, கேட்பதற்கு நீதவான் நீதிமன்றம். பிள்ளையை ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுத்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கோ கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கோ ஆட்கொணர்வு மனுவோடு, அதாவது பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனுவோடு, போகலாம்.

மூன்று விஷயம், மூன்று வாசல். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். "விவாகரத்து முடியட்டும், பிறகு செலவு கேட்கலாம்" என்று இருந்த அம்மாக்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அப்படி இருந்த காலத்துக்கான பணம் பெரும்பாலும் போனது போனதுதான்.

"எங்களுக்கு இன்னும் விவாகரத்து ஆகல. அவரு கொழும்புல கடையில நிக்கிறாரு. செலவு கேட்க முடியுமா?"

முடியும், இன்றைக்கே முடியும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்று எங்கேயும் கேட்கவில்லை. வசதி இருந்தும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்று காட்டினால் போதும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கேட்கலாம். 18 முடிந்து 25 ஆகாத பிள்ளை படிப்பதாலோ வேறு காரணத்தாலோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வழியில்லாமல் இருந்தால் அவருக்கும் கேட்கலாம். உடல் அல்லது மனக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்த வயதெல்லை குறுக்கே நிற்காது.

அவரைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் நீதவான் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வழக்கு இழுத்தால் இடைக்காலத் தாபரிப்புக் கேளுங்கள். அதை நாமாகக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.

இந்தச் சட்டம் அம்மாவுக்கும் பொருந்தும். அம்மா சம்பாதித்து, அப்பா பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டால் அப்பாவும் மனுப் போடலாம். ஆம்பளை போய்க் கேட்பதா என்ற வெட்கத்தில் பிள்ளையின் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

"எவ்வளவு குடுப்பாங்க? ஒரு ரேட் இருக்கா?"

இல்லை. 1999க்கு முந்திய பழைய தாபரிப்புச் சட்டத்தில் ஒரு காலத்தில் இதற்கு மேல் கொடுக்க முடியாது என்று ஓர் உச்சத் தொகை இருந்தது. இன்று அது இல்லை. இப்போது நீதவான் கொடுப்பவரின் வருமானத்தையும் கேட்பவரின் நிலைமையையும் பிள்ளையின் தேவையையும் சேர்த்துப் பார்த்து ஒரு தொகை சொல்கிறார்.

தோட்டத்து வழக்குகளில் இழுபறி எல்லாம் வருமானத்தை நிரூபிப்பதில்தான். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தக் கணக்கில் மாதம் இருபது பேர் விழுந்தால், அதாவது இருபது நாள் வேலை பதிவானால், 27,000. எதிர்த்தரப்பு கொண்டுவரும் சம்பளத் துண்டைப் பார்த்தால் கையில் கிடைத்தது 6,000 என்றிருக்கும். அட்வான்ஸ், கடன், சந்தா, கோயில் காசு எல்லாம் அதில் கழிந்திருக்கும். கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு வாயடைத்துப் போகாதீர்கள். மேலே எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எந்தக் கடன் யாருக்காக எடுத்தது என்று வரி வரியாகக் கேளுங்கள். போன் வாங்கிய கடனும் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிய கடனும் ஒன்றாகாது. தோட்டத்துச் செக்ரோல் கணக்கை, அதாவது வேலைநாளும் சம்பளமும் பதியும் ஏட்டை, நீதிமன்றம் அழைப்பிக்கலாம். கடையிலோ ஆட்டோவிலோ வேலை செய்பவர் என்றால் துண்டே இருக்காது. அப்போது பழைய வங்கிப் புத்தகம், லீசிங் கட்டிய பற்றுச்சீட்டு, முன்பு அனுப்பிய பணத்தின் விவரம் எல்லாம் உதவும்.

உங்கள் பக்கத்துக் கணக்கையும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு கொப்பி போதும். பால்மா, வான் காசு, டியூசன், சப்பாத்து, கிளினிக்குக்குப் போன பஸ் காசு. "மாசம் நெறைய ஆகுதுங்க" என்று சொல்வதைவிட அந்தக் கொப்பியின் இரண்டு பக்கம் அதிகம் பேசும்.

விலைவாசி ஏறினாலோ அவருடைய சம்பளம் கூடினாலோ தொகையைக் கூட்டச் சொல்லி மறுபடியும் மனுப் போடலாம். அவருக்கு வேலை போனால் குறைக்கச் சொல்ல அவருக்கும் அதே உரிமை உண்டு.

"ஓடர் இருக்கு. மூணு மாசமா காசு வரல."

நீதவான் நீதிமன்றத்தில் உடனே சொல்லுங்கள். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சம்பளத்திலிருந்து நேரே கழித்து அனுப்பும்படி வேலை கொடுப்பவருக்குக் கட்டளையிடவும் முடியும். தோட்டத்தில் பேர் போடும் அப்பாவாக இருந்தால் இந்த இரண்டாவது வழியைத்தான் நான் முதலில் கேட்கச் சொல்வேன். அவர் உள்ளே போனால் அந்த மாதம் யாருக்கும் சம்பளம் இல்லை. மேன்முறையீடு செய்திருக்கிறேன், அதனால் கட்டத் தேவையில்லை என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். மேல் நீதிமன்றம் தனியாகத் தடை போடாதவரை கட்டளை நடைமுறையில்தான் இருக்கும்.

"கோயில்ல தாலி கட்டினோம். ரெஜிஸ்டர் பண்ணல. பிள்ளையோட சான்றிதழ்ல அப்பா பேரும் இல்ல."

பதிவில்லாத மரபுவழித் திருமணம் இலங்கையில் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். சடங்கு நடந்தது, ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்று நிரூபித்தால் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ளும். கலியாணப் படம், பத்திரிகை, பூசாரி, பக்கத்துக் காம்பராக்காரர் (லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் அடுத்த அறையில் இருப்பவர்) எல்லாம் சாட்சிதான்.

பிள்ளையின் செலவுக்கு அந்த நிரூபணம் கூடத் தேவையில்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் இவர்தான் அப்பா என்று வலுவான சான்று காட்ட வேண்டும். திருமணமாகாத பெற்றோர் என்றால் அப்பாவும் சேர்ந்து கேட்டுக் கையொப்பம் வைக்காமல் அவருடைய பெயரைப் பதிவாளர் எழுதமாட்டார். அதனால் சான்றிதழில் பெயர் இல்லை என்பதற்காக வழக்கு தோற்றுப்போகாது. அவர் அனுப்பிய செய்திகள், காசு போட்ட துண்டு, ஆஸ்பத்திரியில் அப்பா என்று கொடுத்த பெயர், மரபணுப் பரிசோதனை என்று வழிகள் இருக்கின்றன. போனை மாற்றும்போது அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

"நாங்க கண்டியில இருக்கோம். எங்களுக்குக் கண்டிச் சட்டமா, தேசவழமையா?"

இரண்டும் இல்லை. கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு உரியது. தேசவழமை வடக்கைச் சேர்ந்த தமிழருக்கு. மலையகத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டம். முஸ்லிம் குடும்பங்களின் திருமணமும் மணநீக்கமும் காதி நீதிமன்றத்தின் வழியில் போகும்.

"பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? அம்மாவுக்குத்தானே?"

எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் இதைப் பிறகுதான் பேசுவேன், ஏனென்றால் ஒரு வரியில் பதில் கிடையாது.

நமது பொதுச் சட்டத்தின் அடியில் ஒல்லாந்தர் ஆட்சியில் வந்த ரோமன் டச்சுச் சட்டம் இருக்கிறது. அதில் திருமணம் நிலைத்திருக்கும்வரை அப்பாதான் இயற்கைப் பாதுகாவலர், முதல் உரிமை அவருக்கு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அம்மா. சட்டப் புத்தகத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது, சில அப்பாமார் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் தீர்ப்புகள் பல பத்தாண்டுகளாக வேறு திசையில் நகர்ந்துவிட்டன. பிள்ளையின் நலன் எங்கே என்றுதான் நீதிபதி முதலில் பார்க்கிறார். 1991இல் இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அந்தப் போக்கு இன்னும் அழுத்தமானது. கைப்பிள்ளையும் சின்னப் பிள்ளையும் பெரும்பாலும் அம்மாவிடம் விடப்படுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் அம்மாவின் பக்கம் கூடுதலாகச் சாயும். இதெல்லாம் வழக்கம், கட்டாய விதி இல்லை.

நீதிபதி எதைப் பார்க்கிறார்? பிள்ளை இப்போது எங்கே தூங்குகிறது, யார் கையால் சாப்பிடுகிறது, எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை நாள் வரவு. வீட்டில் குடி உண்டா, அடி உண்டா. அண்ணன் தங்கையைப் பிரிக்க வேண்டிவருமா. இவற்றை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும்படி நன்னடத்தை அதிகாரியை நீதிமன்றம் கேட்பதுண்டு. அவர் லயத்துக்கு வருவார், பக்கத்து வீட்டில் விசாரிப்பார், டீச்சரிடம் பேசுவார். அந்த அறிக்கைக்கு நல்ல மதிப்பு உண்டு. சிலர் அன்றைக்கு மட்டும் வீட்டைக் கழுவி, புதுப் படுக்கை விரித்து வைக்கிறார்கள். அதிகாரி அதை விட்டுவிட்டுப் பிள்ளையின் கொப்பியைத்தான் புரட்டுவார்.

ஒற்றைக் காம்பராதான் இருக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். வறுமையை மட்டும் காரணமாக்கிப் பிள்ளையைப் பிரிப்பதில்லை. மாடி வீடு வைத்திருக்கும் அப்பாவைவிட லயத்துக் காம்பராவில் நேரத்துக்குச் சோறு போடும் அம்மாவிடம் பிள்ளை விடப்பட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடத்தை பற்றிய குற்றச்சாட்டும் அப்படித்தான். பிள்ளையை அது எப்படிப் பாதிக்கிறது என்று காட்டாவிட்டால் வெறும் ஊர்வம்பாகத்தான் நிற்கும்.

பிள்ளை ஓரளவு விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி தன் அறைக்குள் கூப்பிட்டுத் தனியாகப் பேசலாம். அதற்காக வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். "அப்பா கெட்டவரு" என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையை எந்த நீதிபதியும் கண்டுபிடித்துவிடுவார். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தூணுக்குப் பின்னால் நின்ற ஒரு பையனை நான் இன்னும் மறக்கவில்லை.

"நான் வெளிநாட்டுல. பிள்ளைய அம்மாகிட்ட விட்டிருக்கேன். இப்ப அவரு வந்து கூட்டிட்டுப் போறேன்னு நிக்கிறாரு."

மலையகத்தில் இதைப்போல் நிறையக் குடும்பங்கள். பாட்டிதான் வளர்ப்பார், ஆனால் பெற்றவர் உயிரோடு இருக்கும்போது பாட்டிக்குச் சட்டத்தில் தானாக உரிமை வராது. அப்பா வந்து கேட்டால், அவரிடம் கொடுப்பதால் பிள்ளைக்குக் கேடு வரும் என்று பாட்டியின் பக்கம்தான் காட்ட வேண்டும். காட்டினால் பாட்டியிடமே விடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.

ஒரு பாட்டி ஒரு சொப்பிங் பையோடு வந்தார். உள்ளே ஏழு வருடக் கடதாசி. கிளினிக் அட்டையில் ஊசி போட்ட ஒவ்வொரு திகதியும், பள்ளிக்கூடத் தவணை அறிக்கை ஒவ்வொன்றின் கீழும் பாட்டியின் கைநாட்டும், மகள் மாதாமாதம் அனுப்பிய பணத்தின் துண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் எதையும் தூக்கி எறியாமல் சேர்த்து வைத்திருந்தார். அப்பா தரப்பில் அவருடைய பேச்சைத் தவிர வேறொன்றும் இல்லை. பிள்ளை பாட்டியிடமே இருந்தது. அப்பாவுக்கு மாதம் இரண்டு ஞாயிறு.

வெளிநாடு போவதற்கு முன்பே ஒரு காரியம் செய்யுங்கள். வாய்ப் பேச்சோடு விட்டுவிடாமல் பிள்ளை யாரிடம், செலவு எப்படி, பள்ளிக்கூடத்தில் யார் கையொப்பம் என்று சட்டத்தரணியின் உதவியோடு எழுதி வையுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி பாட்டியிடம் இருக்கட்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது குற்றம்.

"காசு தராத ஆளுக்கு எதுக்குப் பிள்ளைய காட்டணும்?"

கோபம் புரிகிறது. ஆனாலும் காட்டத்தான் வேண்டும். செலவு ஒரு கட்டளை, பார்வையிடும் உரிமை இன்னொரு கட்டளை. ஒன்றை அவர் மீறினார் என்று மற்றதை நீங்கள் மீறினால் அடுத்த தவணையில் கூண்டில் நிற்பது நீங்கள். "பிள்ளைய காட்டல, அதனால காசு கட்டல" என்று சொல்லும் அப்பாவுக்கும் இதே பதில்தான்.

எங்கே வைத்துப் பிள்ளையைக் கைமாற்றுவது என்பதையும் கட்டளையில் எழுதச் சொல்லுங்கள். பலரும் பொலிஸ் நிலையத்தைச் சொல்கிறார்கள். வேறு வழியே இல்லாவிட்டால் சரி. முடிந்தால் பள்ளிக்கூட வாசல், பிள்ளை மடுவம் (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துக் காப்பகம்), இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஒரு மாமியின் வீடு. மாதம் இரண்டு முறை பொலிஸுக்குப் போய்த்தான் அப்பாவைப் பார்க்க முடியும் என்றால் அந்தப் பிள்ளை தன் அப்பாவைக் குற்றவாளியாகவே நினைத்து வளரும்.

"சொல்லாம கொள்ளாம பிள்ளைய தூக்கிட்டுப் போயிட்டாரு."

முதலில் பொலிஸின் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். பிள்ளை யாருக்கு என்று பொலிஸ் முடிவு செய்ய முடியாது. ஆனால் திகதியோடு ஒரு பதிவு இருப்பது முக்கியம். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே பேசுங்கள். பிறகு ஆட்கொணர்வு மனு. நாள் கடத்தாதீர்கள். புது இடத்தில் பிள்ளை பழகிவிட்டால், பழகியதே எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும்.

"தலைவர் முன்னால ரெண்டு பேரும் ஒத்துப் பிரியிறோம்னு கையெழுத்து வச்சோம்."

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு அடிக்கும். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவி தனக்கென்று தாபரிப்புக் கேட்க முடியாது என்று 1999ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்த ஒரு தாளில் எத்தனையோ பெண்கள் தங்கள் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தலைவர் நல்ல மனதோடு, சண்டை முடியட்டும் என்றுதான் எழுதியிருப்பார். பிள்ளையின் செலவை அந்தத் தாள் தொடாது, "இனிமே எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதியிருந்தாலும் தொடாது. விவாகரத்தும் அதில் கிடைக்காது. இலங்கையின் பொதுச் சட்டத்தில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்காக விவாகரத்து இல்லை. பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டது, திருமண வேளையில் இருந்த தீராத ஆண்மைக்குறை, இவற்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

"அடிக்கிறாரு. வழக்கு முடியிறவரைக்கும் எங்க போறது?"

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள். இடைக்காலக் கட்டளை விரைவாகக் கிடைக்கும், முழுக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்கலாம். உதவிக்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள்.

"அப்பா எறந்துட்டாரு. காணி பிள்ளைங்க பேருக்கு வருது. நான் அம்மாதானே, விக்கலாமா?"

பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் பிள்ளையின் சொத்து பிள்ளையுடையது. அப்பா மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால், உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், உள்ள அவருடைய காணியில் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. 18 ஆகாத பிள்ளையின் பங்கை விற்கவோ ஈடு வைக்கவோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் எழுதிய உறுதியைப் பிள்ளை வளர்ந்த பிறகு எதிர்க்கலாம். அம்மா அப்பா இருவரும் இல்லையென்றால் சித்தியோ மாமாவோ பாதுகாவலராக நியமிக்கும்படி அதே நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். "நாங்கதான் பாத்துக்கிறோம்" என்பதைப் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொள்ளும், வங்கி ஏற்றுக்கொள்ளாது.

"அங்க எல்லாம் சிங்களத்துல நடக்குது. எனக்கு ஒண்ணும் புரியல."

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழிலேயே மனுப் போடவும் வழக்கில் பங்கெடுக்கவும் உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பை அரசு தர வேண்டும். மலையக நீதிமன்றங்களில் நடப்பு பெரும்பாலும் சிங்களம்தான். அதனால் புரியாத இடத்தில் தலையாட்டாதீர்கள். "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கூண்டில் நின்று சத்தமாகச் சொல்லலாம், அதற்காக யாரும் கோபிக்க முடியாது. தலையாட்டியதால் ஒரு தொகைக்குச் சம்மதித்ததாகப் பதிவாகி, வெளியே வந்து என்னிடம் "எவ்வளவு சொன்னாங்க?" என்று கேட்டவர்கள் உண்டு.

"லோயருக்குக் குடுக்கக் காசில்ல."

சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை இலவசமாகத் தருகிறது. உங்கள் நீதிமன்ற வளவில் அதன் அலுவலகம் இருக்கிறதா என்று கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

"தவணைக்குப் பிள்ளையையும் கூட்டிட்டு வரணுமா?"

நீதிமன்றம் கேட்டால் மட்டும். கேட்டால், வழக்கில் சம்பந்தமில்லாத, பிள்ளைக்குப் பிடித்த ஒருவரைக் கூட அழைத்து வாருங்கள். உங்கள் பெயர் கூப்பிடுவதற்குள் மதியம் ஆகிவிடும். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் நடைபாதையில் எதிரெதிரே நின்று பேசுவதை அதற்குள் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போகட்டும். சோறு கட்டி வாருங்கள், தண்ணீர்ப் போத்தல், கம்பளிச் சட்டை. நுவரெலியாவில் மழை பிடித்தால் நடைபாதை முழுவதும் சாரல் அடிக்கும்.